எண்ணெய்ச்சட்டி வைக்காத வருஷம்

தீபாவளிக்கு முந்தைய வாரம். விடாத மழை. கேம்ப் ரோட்டில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பால்கனியில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் வகுப்புப் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

'அன்பான பெற்றோர்களே! வியாழக்கிழமை மனையியல் செய்முறை வகுப்பில் பண்டிகைக்காலப் பலகாரம். மாணவிகள் ஒரு இனிப்போ காரமோ வீட்டில் தங்கள் கையால் செய்து எடுத்து வரவும். இப்படிக்கு ஷீபா மிஸ்.'

பின்னாலேயே கட்டைவிரல்கள், பட்டாசுகள், லட்டுப் படங்கள். ஒரு அப்பா மட்டும், 'எங்களுக்கும் சாம்பிள் உண்டா மேடம்?' என்று கேட்டிருந்தார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

உங்களில் பலருக்குத் தெரியும். ஆனி மாதத்தில் சில வாரங்கள் இந்தப் பத்தி வரவில்லை. என் மனைவி இறந்துபோனாள். 'தலை சுத்துதுங்க' என்று சோபாவில் உட்கார்ந்தவள்... அவ்வளவுதான். ஆறுதல் எழுதிய எல்லோருக்கும் என்னால் பதில் போட முடியவில்லை, மன்னியுங்கள். இப்போது வீட்டில் நானும், ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் ஹரிணியும் மட்டும்.

நல்ல மார்க் வாங்கியவள் ஹரிணி. 'போயும் போயும் ஹோம் சயின்ஸ் குரூப்பா?' என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எல்லோருக்கும் என் மனைவி ஒரே பதிலைத்தான் சொன்னாள்: 'அவளுக்குப் பிடிச்சிருக்கு.' அட்மிஷனுக்கு அவள்தான் கூடப் போனாள்.

ஷீபா மிஸ் ஒரு விசித்திரமான டீச்சர். பாடப்புத்தகத்தின் வரிசையை அவர் மதிப்பதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன சீசனோ, உள்ளே அதுதான் பாடம். பள்ளி திறந்தபோது வெயில் கொளுத்தியது... மோர், பானைத் தண்ணீர், வியர்வைக்கு ஏற்ற துணி. ஆடித் தள்ளுபடி வந்ததும், எது காட்டன், எது காட்டன் மாதிரி. மழை தொடங்கியதும் ஈரத்துணி நாற்றம், சுவர்ப் பூஞ்சை, தொட்டித் தண்ணீரில் எவ்வளவு குளோரின்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஹரிணி சொல்லித்தான்.

அவள் அம்மா போன பிறகு என்னிடம் பேசியதெல்லாம் இவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஒரு 'ம்'. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். ஆனால் பள்ளிவிட்டு வந்தால் மட்டும், 'அப்பா, மழைக்காலத்துல பருப்பு டப்பால காஞ்ச மிளகா ரெண்டு போட்டு வைக்கணும்' என்பாள். நான் உடனே எழுந்துபோய்ப் போடுவேன். அவள் இன்னும் ஒரு வாக்கியம் பேசிவிட மாட்டாளா என்று.

அந்த வகுப்பும் இல்லாமல் போனால் இந்தப் பெண் என்ன ஆவாள்? என் பயமெல்லாம் அதுதான்.

செய்தி வந்த அன்றே பம்மலில் இருந்து என் அக்கா போன் செய்தாள். பலகாரம் செய்யச் சொல்கிறார்கள் என்றேன்.

"டேய், வருஷம் திரும்பற வரைக்கும் எண்ணெய்ச்சட்டி வைக்கக் கூடாதுடா. பண்டிகையே கிடையாது. அக்கம்பக்கத்துல கொண்டுவந்து குடுப்பாங்க, அதைத்தான் சாப்பிடணும். உனக்கு யாராவது ஞாபகப்படுத்தணும்."

அக்கா சொன்னால் எனக்கு மறுபேச்சு வராது. அவள் போனை வைத்ததும் குழுவில் தட்டினேன்: 'வணக்கம் மேடம். எங்கள் வீட்டில் துக்கம் என்பதால் இந்த வருடம் பண்டிகை இல்லை. ஹரிணிக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டுகிறேன்.'

சற்று முன் லட்டு பறந்த இடத்தில், வரிசையாகக் கூப்பிய கைகள். சாம்பிள் கேட்ட அப்பாகூடத் தன் கேள்வியை அழித்துவிட்டார். பொறுப்பான தகப்பனாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு நான் ஆபீஸ் கிளம்பினேன்.

வியாழக்கிழமை மாலை. பையைச் சோபாவில் வீசினாள் ஹரிணி.

"யாருப்பா உன்ன குரூப்ல போடச் சொன்னது?"

"இல்லம்மா... முறைன்னு அத்தை..."

"எல்லாரும் டப்பாவத் திறந்து ஒருத்தருக்கொருத்தர் குடுத்தாங்க. என்கிட்ட வந்ததும் மூடிட்டாங்க. பக்கத்துல உக்கார்ற தீபிகாகூட. எனக்கு ஆகாதாம். மிஸ் என்னடான்னா, 'நீ லைப்ரரில போய் உக்காரும்மா'ன்னாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. அவ்ளோ அன்பா சொன்னாங்க."

"உனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சிருப்பாங்கம்மா."

"அம்மா செத்துட்டா நான் ஒரு முறுக்கு திங்கக் கூடாதா?"

என்ன பதில் சொல்வீர்கள் நீங்கள்? நான் அவள் வீசிய பையை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"நாளைலேருந்து நான் ஸ்கூலுக்குப் போகல" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் ஓடியது. அன்று கலெக்டருக்கு நன்றி சொன்ன ஒரே பெற்றோர் நானாகத்தான் இருப்பேன். சும்மா விடுமுறைதான், அவள் போகாமல் இல்லை என்று ஒரு நாள் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

அதற்கு அடுத்த நாள், சனிக்கிழமையானாலும் பள்ளி இருந்தது. ஹரிணி எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் போனேன்.

மனையியல் ஆய்வகத்தில் இன்னும் எண்ணெய் வாசனை இருந்தது. ஷீபா மிஸ்ஸை அன்றுதான் நேரில் பார்த்தேன். எங்கள் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா தவறின வருஷம் நாங்க வீட்ல ஸ்டார் கட்டல சார். கேக் போடல. கிறிஸ்மஸ் அன்னைக்கு ஒருத்தர்கூட வீட்டுக்கு வரல. வந்தா நாங்க சங்கடப்படுவோம்னு நெனச்சாங்களாம். அம்மா வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இவ்ளோ தெரிஞ்சும் அவளைத்தான் லைப்ரரிக்கு அனுப்பியிருக்கேன், பாருங்க."

"நீங்க நல்லதுக்குத்தான மேடம்..."

"எல்லாருமே நல்லதுக்குத்தான் சார் பண்றோம்."

பஸ்ஸில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அக்கா சொன்ன முறையில் இரண்டு பாதி இருக்கிறது. துக்க வீட்டில் பலகாரம் செய்யக் கூடாது என்பது ஒரு பாதி. மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு பாதி. செய்யாதே என்பதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கொண்டுபோய்க் கொடு என்பதை எங்கே தொலைத்தோம்? ஒரு குடும்பத்தைப் பண்டிகை நாளில் தனியாக உட்கார வைப்பதற்கா இதை யாரோ ஏற்படுத்தி வைத்தார்கள்?

தீபாவளியும் வந்தது. சேலையூர் முழுக்க வெடிச்சத்தம். எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் தட்டுகள் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. எதிர் ஃபிளாட் கதவு திறக்கும். பேச்சுச் சத்தம் எங்கள் வாசலுக்கு வந்ததும் தணியும். பிறகு கதவு மூடும். ஹரிணி அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் காலையில் செய்த உப்புமா அப்படியே ஆறிக் கிடந்தது.

காலிங்பெல் அடித்தது.

வாசலில் மூன்று பெண்கள். புதுச் சுடிதார் எல்லாம் நனைந்து, ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். "ஹாப்பி..." என்று ஆரம்பித்த ஒருத்தியை இன்னொருத்தி முழங்கையால் இடித்தாள். இடித்தவள் தீபிகா. பம்மல் பெண். ஷேர் ஆட்டோ ஓட்டுபவரின் மகள். அதே வண்டியில்தான் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அங்கிள், ஹரிணி கீறாளா?"

"இருக்காம்மா. வெளியதான் வர மாட்டேங்கிறா."

"அவ வராட்டி போறா. நாங்க உள்ள வர்லாமா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே வந்து, மூடிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அடியே ஹரிணி! முறுக்கு சுட்டேன்டி. கல்லு மாரி பூட்ச்சு. எங்க நைனா ஒண்ணு கடிச்சிட்டு, பல்லு கீதான்னு தொட்டுப் பாத்துக்கினு கீறாரு."

கதவை ஒரு தட்டு தட்டினாள்.

"மிஸ்ஸு இன்னா சொல்ட்டாங்க தெரியுமா? இந்தத் தபா செஞ்சதுக்கு மார்க்கு இல்லியாம். பண்டிகை இல்லாத வூட்டுக்குக் கொண்டும்போய்க் குடுக்கணுமாம், அதுக்குத்தான் மார்க்காம். நீ வாங்கலன்னா நான் ஃபெயிலுடி. யோசிச்சுக்கோ."

தீபிகாவின் குரல் இறங்கியது.

"அன்னிக்கு டப்பாவ மூடிட்டேன்டி. எங்கம்மா குடுக்காதன்னுச்சு. உனுக்குக் கெட்டது ஆய்டும்னு நெனச்சுட்டேன். சாரி."

கதவு திறந்தது. வாராத தலையோடு ஹரிணி. சிரிக்கவில்லை, அழவும் இல்லை. டப்பாவை வாங்கினாள். ஒரு முறுக்கை எடுத்து உடைத்து, உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"வெண்ணெயே போடல. மாவையும் கெட்டியா பெசஞ்சிருக்க."

"வெண்ணெய் விக்கிற வெலைல..."

"சும்மா இரு. திங்கலாம்."

தின்றாள். முழுசாக ஒன்று. பிறகு இன்னொன்று. தண்ணீர் எடுக்கிற சாக்கில் நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட் அம்மா வந்தார். மூடிய தட்டு கையில். "நேத்தே எடுத்து வெச்சுட்டேன் சார்... எப்படிக் குடுக்கறதுன்னுதான் தெரியல" என்றார். பண்டிகை அன்று அப்படிக் கண் கலங்கிய யாரையும் நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போன பிறகு ஹரிணி கேட்டாள்.

"அம்மா இருந்தா இந்த வருஷம் என்னப்பா பண்ணியிருப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் தட்டில் வந்ததைச் சாப்பிட்டேன். அடுத்த வருஷம் என்ன செய்யப்போகிறாய் என்று யாராவது மனைவியிடம் கேட்டு வைத்துக்கொள்வார்களா? அவள் இருக்கிறாள் அல்லவா, கேட்காமலே வரும் அல்லவா?

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை. சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தாள் ஹரிணி. மூன்று டப்பாக்களும் கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன.

"காலி டப்பாவாவா திருப்பிக் குடுக்கிறது?" என்றாள்.

"அதுக்கு? நாம பலகாரம்..."

"பலகாரம் இல்லப்பா. மழை பெய்யுது. கிளாஸ்ல பாதிப் பேரு இருமுறாங்க. மிளகும் சீரகமும் வறுத்துப் பொடி பண்ணிக் குடுத்தா, ரசத்துல போட்டுப்பாங்க. இதுக்கு எண்ணெய் வேணாம்ல?"

அக்காவுக்கு போன் செய்து கேட்கலாமா என்று ஒரு கணம் கை போனது. கேட்கவில்லை.

வெறும் வாணலியில் மிளகு வெடிக்கத் தொடங்கியது. புகை எழும்பி இருவருக்கும் இருமல். அவள் திரும்பிக்கொண்டு தோள்பட்டையில் முகத்தைத் துடைத்தாள். விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது. அம்மா போனதில் இருந்து நான் கேட்டிராத சத்தம். "ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்றேன். "வேணாம்ப்பா, இருக்கட்டும்" என்றாள். நானும் பக்கத்தில் நின்று கிளறிக்கொடுத்தேன்.

மிளகு வறுப்பதில் ஒரு சௌகரியம்... கண் ஏன் கலங்குகிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.