சில்வர் ஓக்கில் வெட்டிய எழுத்து

தேயிலைக்கு விலை விழுந்து எஸ்டேட்டை மூடியபோது, பங்களாவிலிருந்து எடைக்குப் போட்ட புத்தகங்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். நார்வே பக்கத்து ஆதி மக்கள் மரத்தில் செதுக்கிய ரூன் எழுத்துகளைப் பற்றியது அது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டாம். வேலையில்லாதவனுக்கு வேறென்ன? எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களோடு அவற்றைப் பொருத்திப் பார்த்தேன். தேயிலைக்கு நிழல் தருவதால் காவல் எழுத்து. எங்கள் அடுப்பில் எரிவதால் தீ எழுத்து.

பிறகு நிர்வாகம் அந்த மரங்களையும் விற்றது. வெட்ட வேண்டியவற்றில் அடையாளமிடும் வேலை எனக்குக் கிடைத்தது. பட்டையில் கத்தியால் நெடுக ஒரு வெட்டு, அதன் குறுக்கே சாய்வாக இன்னொன்று.

முன்பு கொழுந்து பறித்த அக்கா ஒருவர் சுள்ளி பொறுக்க வந்தார். வெட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "ஏனுங்க, நெழல் மரத்தையே வெட்டறாங்கன்னா, தோட்டத்தை இனித் தொறக்க மாட்டாங்களாங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தொறப்பாங்க அக்கா" என்றேன். பொய்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்தேன். நான் வெட்டிய அடையாளம் அந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்தாக இருந்தது. வேறு வழியில்லாமை என்று அதற்குப் பொருள் போட்டிருந்தது.

கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.