குழுவில் விழுந்த ஸ்பானர் காணொலி

என் மகள் ஐந்தாம் ஆண்டுக்குப் போனபோது, அவளுடைய வகுப்பாசிரியை பெற்றோருக்காக ஒரு புலனக் குழு தொடங்கினார். வாட்ஸ்அப்பைத்தான் எங்கள் தமிழ்ப்பள்ளியில் புலனம் என்பார்கள். நான் கூலிம் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். உள்ளே போகும்போது கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் என் எண்ணுக்குப் பதிலாகக் கணவரின் எண்ணைக் கொடுத்தேன். அவர் லூனாஸில், எஸ்டேட் டிராக்டர்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் இருக்கிறார். பிள்ளையின் படிப்பில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அவருடைய பங்கு தினமும் ஒரு காலை வணக்கப் படமாக வந்தது. ரோஜாப்பூ, பனித்துளி, வெள்ளிக்கிழமையென்றால் அம்மன். இது பள்ளி விஷயங்களுக்கான குழு என்று ஆசிரியை பொதுவாக எழுதினார். அதற்கும் இவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, மறுநாள் தாமரைப்பூ அனுப்பினார்.

சிரிக்கிறேனே தவிர, நானும் யோக்கியம் இல்லை. மகள் வரைந்த படத்தில் வானத்தையும் பாதி மலையையும் நானே தீட்டி, 'மகளின் கைவண்ணம்' என்று அவரை அனுப்ப வைத்தேன். குழுவில் கைதட்டல்கள் குவிந்தன. மகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழுவே அப்படித்தான் இருந்தது. சான்றிதழ், கோப்பை, முத்து முத்தான கையெழுத்து. தன் பிள்ளைக்கு ஒன்று புரியவில்லை என்று ஒருவரும் எழுதியதில்லை. அதைப் படிப்பவர்கள் ஐந்தாம் ஆண்டில் எல்லாருமே மேதைகள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் கணிதச் சோதனை வந்தது. பின்னத்தில் என் மகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் தப்பாகப் போட்டிருந்தாள். எட்டில் மூன்று பெரிதா, பதினாறில் ஐந்து பெரிதா என்றால் அவளுக்குப் பதினாறுதான் பெரிது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பின்னங்களைக் கூட்ட வேண்டுமென்றால் மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு என்றேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம். அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் அவளும் நம்பிவிட்டாள்.

மறுவாரம் எனக்கு மத்தியான ஷிப்ட். பின்னம் கணவரின் பொறுப்புக்குப் போனது. ஆசிரியை குழுவில் போட்டிருந்த பாடக் காணொலியை மகளோடு சேர்ந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார்களா என்று மறுநாள் மகளிடம் கேட்டேன்.

"பார்த்தோம்மா. அப்புறம் அதுக்குக் கீழ மீன் பிடிக்கிற வீடியோ வந்துச்சு. அதையும் பார்த்தோம்."

எந்த மீன் என்று கேட்டிருந்தால் விவரமாகச் சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் அவர் அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பழைய டிராக்டர்களின் நட்டுகளுக்கு இன்னமும் அங்குலக் கணக்கு ஸ்பானர்தான். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு அவர் 'திரீ எய்ட்டு' கேட்க, இவள் வேறொன்றை எடுத்துக் கொடுக்க, அது பெரிது என்று அவர் திருப்பிக் கொடுக்க, எப்படித் தெரியும் என்று இவள் கேட்டிருக்கிறாள். பார்த்தாலே தெரியும் என்றிருக்கிறார். இவள் ஸ்பானரின் மேல் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். பதினாறில் ஏழு. அப்பா கேட்டதோ எட்டில் மூன்று. இருபது வருடமாகத் தன் கை தொட்டுக்கொண்டிருப்பது பின்னம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்ததாம்.

இருவரும் சிமெண்டுத் தரையில் ஸ்பானர்களைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எண்களை எழுதினார்கள். மகள் அதைக் காணொலியாக எடுக்க, அவர் எனக்கு அனுப்பினார். அனுப்பியதாக நினைத்துக்கொண்டார். போய்ச் சேர்ந்தது வகுப்புக் குழுவில்.

சாயங்கால ஓய்வு நேரத்தில் லாக்கர்களைத் திறந்ததும், என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். அவள் மகனும் அதே வகுப்பு.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் ஃபேமஸ் ஆயிட்டாருலா."

கைலியும் கிழிந்த பனியனுமாக அவர் குந்தியிருந்தார். முகத்தில் கிரீஸ். ஒரு நட்டைத் திருகும்போது கை நழுவி, வாயில் ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. பின்னணியில் மகளின் குரல்: "ஒரு இஞ்சைப் பதினாறாப் பிரிச்சா துண்டு சின்னது, எட்டாப் பிரிச்சா துண்டு பெருசு. அப்ப திரீ எய்ட்டுன்னா பதினாறுல ஆறு. இது ஏழு. அதான் பெருசுப்பா." கைப்பேசியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் பிடித்தேன். அப்போது பார்த்துக் கேமராவை மகளிடமிருந்து வாங்கித் தன் பக்கம் திருப்பி அவர் என்னிடம் பேசினார்.

"நீ சொல்லிக் குடுத்த கூட்டல் தப்புலா, டீச்சர் வீடியோவுல வேற மாதிரி போடுறாங்க. எனக்கும் பின்னம் தெரியாது. ஆனா தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

வகுப்பிலுள்ள அத்தனை பெற்றோரும் அதைக் கேட்டுவிட்டார்கள். உடனே அழிக்கச் சொல்லலாம் என்று அழைத்தேன், எடுக்கவில்லை. நான் வேலைக்குத் திரும்பி, கையிலிருந்த சர்க்யூட் பலகைகளை இரண்டு முறை தப்பாக அடுக்கினேன்.

வெளியே வந்து பேருந்தில் ஏறியதும் தங்கச்சி மறுபடி காட்டினாள். ஓர் அம்மா எழுதியிருந்தார்: என் பிள்ளைக்கும் இதுதான் விளங்கவில்லை, அந்த ஸ்பானர் வரிசையைக் கிட்டத்தில் காட்ட முடியுமா அண்ணே. அதன்பின் இன்னொருவர். எப்போதும் கோப்பைப் படம் போடும் ஒருவர்கூட, தன் மகனுக்கும் இதில் கொஞ்சம் தடுமாற்றம் என்று எழுதியிருந்தார். கடைசியாக ஆசிரியை, காணொலியை வகுப்பில் காட்ட அனுமதி கேட்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையை வெட்டிவிட்டுக் காட்டுவதாகவும் சேர்த்திருந்தார்.

அதற்குமேல் இவரைப் பிடிக்க முடியவில்லை. கைப்பேசியை நிறுத்திவைக்க ஒரு தாங்கி வாங்கினார். அடுத்த காணொலிக்குத் தேய்த்த சட்டை, முகத்துக்குப் பவுடர். "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே" என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசினார். ஒருவரும் பதில் போடவில்லை. மகள்தான் அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க வேலை செய்ங்கப்பா. நான் எடுக்கிறேன்."

அப்படி அவள் எடுத்தவை நன்றாகவே இருந்தன. எண்ணெய் அளக்கும் குவளையை வைத்து ஒன்று, டயரின் காற்றழுத்தத்தை வைத்து ஒன்று. எடுப்பதற்கு முன் தனக்கு விளங்காததை அவளே ஆசிரியைக்குக் குரல் பதிவாக அனுப்பிக் கேட்டுக்கொண்டாள். ஆண்டிறுதியில் முதல் மாணவியாக எல்லாம் வரவில்லை. வகுப்பில் நடுவாந்திரமாக வந்தாள். ஆனால் பின்னக் கணக்குகள் அத்தனையும் சரி. நானும் என் எண்ணைக் குழுவில் சேர்த்துக்கொண்டேன். நான் சொல்லிக்கொடுத்த கூட்டல் தப்பு, சரியான முறையை யாராவது எனக்குச் சொல்லுங்கள் என்பதுதான் என் முதல் செய்தி. எழுதி அழித்து, எழுதி அழித்து, ஒருவழியாக அனுப்பினேன்.

இப்போது குழுவில் புதிதாக ஒருவர் பேசத் தொடங்கியிருக்கிறார். சிடாம் கிரி பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர்; அதுவரை ஒரு வரிகூட எழுதாதவர். தன் மகளின் மலாய் வாசிப்புப் பகுதியைப் படம் பிடித்து அனுப்பி, இதை யாராவது படித்துக் குரல் பதிவாக அனுப்பினால் வீட்டில் போட்டுக் கேட்பேன், எனக்குப் பேச வரும், படிக்க வராது என்று தயங்கித் தயங்கிக் குரலில் சொன்னார். காலை ஷிப்டுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து, இரைச்சலுக்கு நடுவே நான் படித்து அனுப்பினேன். பெரிய உதவி செய்த திருப்தியில் இருந்தேன். சாயங்காலம் அவருடைய எண்ணிலிருந்து பதில் வந்தது. பேசியது அவர் மகள்.

"ஆண்ட்டி, ரொம்ப நன்றி. ரெண்டாவது வரியில ரெண்டு வார்த்தை தப்பா படிச்சிருக்கீங்க. அப்பா சொல்ல வேணாம்னு சொன்னாரு."

இரண்டையும் சரியாக உச்சரித்துக் காட்டியிருந்தாள். நான் மூன்று முறை போட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டேன்.