பத்துப் பங்குக் கன்னியப்பன்

கன்னியப்பன் எனக்குக் கொழுந்தன். நான் தொண்டூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. என் தட்டிலிருந்து கருவாட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான். இப்போது அறுபத்திரண்டு. பேரன் பேத்தி எடுத்துவிட்டான். எனக்கு இன்னும் அவன் ‘அவன்’தான், மரியாதை வேண்டுமென்றால் ஊரில் வேறு யாரிடமாவது போய் வாங்கிக்கொள்ளட்டும்.

ஐந்தாவது வரை படித்தான். பதினேழு வயதில் செஞ்சி கமிட்டிக்கு மூட்டை தூக்கப் போனான். நெல்லும், வேர்க்கடலை என்று மற்றவர்கள் சொல்கிற மல்லாட்டையும் ஏலம் போகிற விற்பனைக்கூடத்தை நாங்கள் கமிட்டி என்போம். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே மூட்டை சுமந்தவன். பின்கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு இருக்கிறது. மூட்டையைத் தோளில் ஏற்றியதுமே, “இதுல மண்ணு கலந்திருக்குது” என்று சொல்லிவிடுவான். வியாபாரிகளுக்கு அந்த வாய் பிடிக்காது. அதற்காக அவன் வாயை மூடியதும் கிடையாது.

சம்பாதித்ததில் எண்பது சென்ட் நிலம் வாங்கினான். கிணற்றுப் பங்கும் உண்டு. வருடம் தவறாமல் மல்லாட்டை போடுவான். விதைக்கு மல்லாட்டை உடைப்பதென்றால் அப்போதெல்லாம் நானும் அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி மீனம்பாளும் நாள் கணக்கில் உட்கார வேண்டும். கட்டைவிரல் வெடித்து, சோறு பிசைந்தால் எரியும். கூலி வாங்கிக்கொண்டு மிஷினில் உடைத்துத் தருகிறவர்கள் பெரிய வியாபாரிகளின் மூட்டை முடிந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அதற்குள் நிலத்தில் ஈரம் போய்விடும்.

அப்படி இருக்கும்போதுதான் எட்டு வருடத்துக்கு முன்னால் செஞ்சியில் உழவர் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆளுக்குக் குறைந்தது பத்துப் பங்கு, ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்தில் மல்லாட்டை உடைக்கும் மிஷின் வரும், பங்குக்காரர்களுக்குப் பாதிக் கூலி, வந்த வரிசைப்படி முறை. கன்னியப்பன் ஒரு வெள்ளாட்டை விற்றுப் பத்துப் பங்கு வாங்கினான். என்னையும் விடவில்லை. என் முதியோர் பணத்தில் எனக்கும் பத்து.

திறப்பு விழாவுக்கு ஒரு தலைவர் வந்தார். பெயர் வேண்டாம், இன்னும் சுவரில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். “இன்று முதல் நீங்கள் கூலிகள் அல்ல, முதலாளிகள்” என்று மைக்கில் முழங்கினார். கை தட்டிக் கை தட்டி என் வளையல் ஒன்று உடைந்தது.

கம்பெனிக்குச் சேர்மன் சுந்தரமூர்த்தி. நிலமும் இருக்கிறது, மல்லாட்டை மண்டியும் இருக்கிறது. பங்குப் பத்திரத்தைக் கையில் கொடுக்கும்போது, “ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வெச்சிக்கங்க” என்றார். வைத்துக்கொண்டோம். வருடம் ஒரு முறை கூட்டம் போடுவார்கள். வாசலில் கையெழுத்து, கைநாட்டு. உள்ளே போனால் ஒரு டிபன் பாக்ஸ், ஒரு பிரியாணிப் பொட்டலம். கணக்கு என்று யாரோ கடகடவென்று படிப்பார்கள். லாபம் என்று ஒரு பைசா வந்ததில்லை. மீனம்பாள் வீட்டில் அந்த டிபன் பாக்ஸ்தான் ஆறு இருக்கிறது, புளி போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மிஷின் ஓடியது. எங்கள் முறை எங்களுக்குக் கிடைத்தது. அதனால் யாரும் பேசவில்லை.

போன புரட்டாசியில் கம்பெனிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கன்னியப்பன் கமிட்டிக்குப் போகிற வழியில் நின்று எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் சோற்றில் கை வைக்கவில்லை.

“இன்னா ஆச்சு?” என்றேன்.

“பத்துப் பங்கு வெச்சிருக்கிறவங்களுக்குப் பணத்தத் திருப்பிக் குடுத்து அனுப்பிடப் போறாங்களாம் அண்ணி. வெளியூர் எண்ணெய்க் கம்பெனிக்கு மிஷினும் குடோனும் குத்தகையாம். நாம சில்லறையாம், நடுவுல இருந்தா தொந்தரவாம்.”

“ஆயிரம் ரூபா வாங்கிக்கினு எட்டு வருசம் கழிச்சு அதே ஆயிரமா?”

“ஆயிரம் கெடக்கட்டும். மிஷின் போயிடுமே! திரும்பவும் நீங்க ரெண்டு பேரும் கட்டவெரல வெடிக்க வெச்சிக்கினு உக்காரணுமே!”

கூட்டம் வைத்திருந்த நாளைப் பாருங்கள்: அமாவாசை, சாயங்காலம் நாலு மணி. அமாவாசை என்றால் இந்தப் பக்கத்து ஜனங்கள் பாதிப் பேர் மேல்மலையனூருக்கு அங்காளம்மனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள் என்பது சுந்தரமூர்த்திக்குத் தெரியாதா? அவரே வருடாவருடம் அன்னதானம் போடுகிறவர். ஸ்பெஷல் பஸ் பிடிக்கிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவோம் என்று கணக்கு.

கன்னியப்பன் ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு அந்தத் தலைவரிடம் போனான். அவர் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “நல்லா இருக்கீங்களா பெரியவரே” என்று தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். மனுவைப் பக்கத்திலிருந்தவர் வாங்கிப் பழத்தட்டுக்கு அடியில் செருகிவிட்டு, வாசல் வரை கூடவே வந்து, “சுந்தரமூர்த்தி நம்ம ஆளு. பெரியவரு ஏன் டென்சன் ஆவறீங்க? குடுக்கறத வாங்கிக்கங்க” என்றாராம். அன்றைக்கு அவன் செஞ்சியிலிருந்து நடந்தே வந்தான். நான் அந்தத் தலைவரைத் திட்டிய திட்டை எழுதினால் படிக்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அமாவாசை அன்று செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். நாங்கள் மூன்று பேரும் போனோம். மீனம்பாள் கையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் போட்ட பை. மகள் பிரசவத்துக்கு அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். “அஞ்சு மணி பஸ்ஸ விட்டுட்டேன்னா அப்புறம் இருக்குது உனக்கு” என்று புருஷனை வழியெல்லாம் மிரட்டிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்து வாசலில் மேஜை போட்டு, கம்பெனி ஆபீசில் வேலை செய்கிற அறிவுமதி என்ற பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். பத்திரத்தின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கையில் ஆயிரம் ரூபாய்க் கவர். கொடுத்தவர் அந்த நிமிடமே பங்குக்காரர் இல்லை. அப்படியே பஸ்ஸுக்குப் போகலாம். உள்ளே சேர்மனின் ஆட்கள் மட்டும் உட்கார்ந்து குத்தகைக்குக் கை தூக்கிவிடுவார்கள்.

உள்ளே போகிற வரிசையில் எங்களுக்கு முன்னால் வல்லத்துக்காரர் பெரியதம்பி நின்றார். பத்திரத்தை நீட்டினார். அறிவுமதி திருப்பிப் பார்த்துவிட்டு, “தாத்தா, லேமினேசன் பண்ணியிருக்கீங்களே” என்றாள்.

“ஆமாம்மா, கரையான் அரிக்கக் கூடாதில்ல?”

பேனா வழுக்கியது. மார்க்கர் பேனா கொண்டுவந்தார்கள். எழுதியது விரல் பட்டதும் அழிந்தது. கைநாட்டாவது வைக்கட்டும் என்று அவர் விரலை மையில் தோய்த்து அழுத்தினார்கள். பிளாஸ்டிக்கில் மை திட்டுத் திட்டாக நின்று வழிந்தது. ஒரு ஆள் பிளேடால் கீறிப் பிரிக்கப் பார்த்தார். பாதி முத்திரை பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அடுத்தவர் பத்திரத்தை வாங்கினால் அதுவும் லேமினேஷன். அதற்கடுத்ததும். ரேஷன் கார்டு மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னால் நாங்கள் வேறென்ன செய்வோம்? காந்தி பஜார் ஜெராக்ஸ் கடையில் ஊரே போய்ப் பிளாஸ்டிக் போட்டு வந்திருந்தது.

சுந்தரமூர்த்தி எழுந்து வந்தார். “எவன்யா இதுக்கெல்லாம் லேமினேசன் பண்ணச் சொன்னது?”

“நீங்கதான்!” என்றேன் நான்.

சிரிப்பு கிளம்பியது. அவர் முகம் கடுத்தது. “சரி சரி, உள்ள வந்து உக்காருங்க. பத்திரத்த அப்புறமா பாத்துக்கலாம். முதல்ல தீர்மானம். அவசரம் இருக்கறவங்க கெளம்பலாம், நாங்க பாத்துக்கறோம்.”

கவர் கொடுத்து வெளியே அனுப்ப நினைத்த அத்தனை பேரும் பங்கோடு மண்டபத்துக்குள் நின்றார்கள். ஆனால் மணி நாலே முக்கால். பாதிப் பேர் கண் வாசலில் இருந்தது. பை தூக்கியவர்கள் நகர ஆரம்பித்தார்கள். மீனம்பாளும் புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “யோவ், வாய்யா. அம்மாவுக்கு நேந்துக்கினு இங்க நின்னா நல்லா இருக்குமா?”

கன்னியப்பன் நகரவில்லை. அவன் அவளிடம் குரலைத் தணித்துத்தான் பேசினான். மண்டபம் எதிரொலிக்கிற மண்டபம், எல்லோருக்கும் கேட்டுவிட்டது. “மீனா, அங்காளம்மா எங்கயும் போயிட மாட்டா. நாளைக்குப் போனாலும் இருப்பா. இந்த மிஷினு இன்னிக்கி சாயங்காலம் போயிடும்.”

மீனம்பாள் அவனை முறைத்தாள். பிறகு எலுமிச்சம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்தாள். “நான் எழுந்திருக்கற ஆளு இல்ல. என்னத் தாண்டிக்கினு போறவங்க போங்க” என்றாள். அமாவாசைக்கு விரதமிருக்கிற பெண்பிள்ளையை யார் தாண்டுவார்கள்? ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

சேர்மன் தீர்மானத்தைப் படித்தார். ஒன்றும் புரியவில்லை. கன்னியப்பன் எழுந்தான்.

“ஐயா, கை தூக்கறப்போ பங்குக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு? ஒக்காரு.”

“மூட்ட தூக்கறவன் எடை கேக்காம தூக்க மாட்டான் ஐயா.”

கூட்டம் ஹோவென்று கத்தியது. சுந்தரமூர்த்தி அறிவுமதியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் விதிப் புத்தகத்தைத் திறந்து படித்தாள். “ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆயிரம் பங்கு இருந்தாலும் ஒண்ணு. பத்து இருந்தாலும் ஒண்ணு.”

எட்டு வருடமாக எங்களுக்கு இதை ஒருத்தரும் சொல்லவில்லை. மைக்கில் முதலாளி என்று சொன்னவரும் சொல்லவில்லை.

வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்: முப்பத்தொரு கை. வேண்டாம் என்கிறவர்கள் தூக்கச் சொன்னபோது மேஜைமேல் ஏறி நின்றுதான் அறிவுமதியால் எண்ண முடிந்தது. என்னிடம் வந்ததும் எண்ணுவதை நிறுத்தினாள்.

“ஆயா, ஒருத்தருக்கு ஒரு கைதான்.”

நான் இரண்டையும் தூக்கியிருந்தேன். ஒன்றை இறக்கினேன், மனசில்லாமல். நூற்று எழுபத்துநாலு என்று எழுதிக்கொண்டாள். தீர்மானம் தோற்றது.

ஆறு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே மலையனூர் போனோம். “உக்கார சீட்டு கெடச்சிருக்கும், எல்லாம் உன்னால” என்று மீனம்பாள் கடைசி வரை புருஷனைத் திட்டினாள். திட்டியபடியே அவன் வாயில் ஒரு கடலை மிட்டாயையும் திணித்தாள்.

ஏதோ ராஜ்யம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சேர்மன் இன்னும் சுந்தரமூர்த்திதான். லாபம் இன்னும் வரவில்லை. அந்தத் தலைவர் ‘உழவர்களின் பங்கைக் காத்தவரே’ என்று தனக்குத் தானே போஸ்டர் ஒட்டிக்கொண்டார். அந்த வழியாகப் போனால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அது என்னால் முடிந்தது.

மார்கழிப் பட்டத்துக்கு நாலு மூட்டை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு மூன்றாவது முறை. எங்கள் முறை வந்த நேரம் பார்த்துச் சேர்மனின் டிராக்டர் உள்ளே நுழைந்தது. மிஷின்காரன் கன்னியப்பனையும் டிராக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். கன்னியப்பன் தன் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மிஷின் பக்கத்தில் நின்றான். டிராக்டரிலிருந்து இறங்கிய சுந்தரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே, “அவருத போடுப்பா மொதல்ல” என்றார்.

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மறுநாளே விதைத்தார்கள். பத்தாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். காக்கா பொறுக்கியது போக மிச்சமெல்லாம் மண்ணைப் பிளந்துகொண்டு வரிசையாகத் தலை நீட்டியிருந்தது.