ஒத்தக் காதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்

நாகஜோதிக்கு இடது காது கேட்காது. சிவகங்கையில் நர்ஸாக வேலை பார்த்தபோது வந்த ஒரு விஷக்காய்ச்சல், போகும்போது அந்தக் காதையும் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரைக்கும் வலது காதை முன்னால் கொடுத்தபடியே வார்டில் நடந்தார். வாழ்நாளில் அவர் அதிகம் சொன்னது "சத்தம் போடாதீங்க" என்பதாகத்தான் இருக்கும். அவருக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். ஆனால் நர்ஸ் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் டூட்டி முடித்தவர்கள் தூங்குவார்களே என்று, அதையும் செல்போனில் கொசு ரீங்காரம் மாதிரி வைத்துத்தான் கேட்டார்.

ஓய்வு பெற்றதும் காரைக்குடியில், புதுவயல் ரோட்டில் அப்பா விட்டுப்போன வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் மதுரைக்குப் போய், இடுப்பு உயரத்துக்குத் தரையில் நிற்கிற ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினார்.

திருப்பத்தூரில் இருக்கும் தம்பி பாண்டிமுருகனுக்கு விஷயம் தெரிந்து போன் வந்தது. "ஒத்தக் காதுக்கு ரெண்டு ஸ்பீக்கராக்கா? எதுக்கு இப்பிடி வீம்பு புடிக்கிறீக?"

"ரெண்டு காதும் கேக்குற நீ ஒண்ணுகூட வாங்கலையே, அதுக்கு நான் ஏதாச்சும் கேட்டனா?" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த வீட்டை விற்றுவிட்டு அக்கா தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது தம்பியின் எண்ணம். வீடும் அப்படிப்பட்ட வீடுதான். ரோட்டை அகலப்படுத்தியபோது முன்பக்கத்தில் ஒரு துண்டு கோணலாகப் போய்விட்டது. மிச்சம் இருந்ததை வைத்து அப்பா சாய்வாகவே சுவர் எழுப்பிவிட்டார். ஹால் ஒரு பக்கம் தாராளமாகத் தொடங்கும். போகப்போகக் குறுகி, கடைசியில் ஒரு ஆள் நின்று திரும்ப முடியாத மூலையில் போய் முட்டும்.

ஸ்பீக்கரை மாட்டிக் கொடுக்க வந்த கடைக்காரர் நாராயண், ஹாலைப் பார்த்ததும் அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நல்ல மனிதர், வேலையில் பொறுமை உள்ளவர். அகலமான பக்கத்தில் இரண்டையும் வைத்து, நாகஜோதியைக் குறுகல் மூலையில் உட்கார வைத்தார். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை ஓடவிட்டார். தவுல் அடித்ததும் அந்த மூலையில் சத்தம் சேர்ந்து, அண்டாவுக்குள் தலையை விட்டதுபோல் 'கும்'மென்று கேட்டது. நீளச் சுவரோரம் மாற்றினார். ஒரு பெட்டி மூலைக்குள் மாட்டிக்கொண்டு உறுமியது, இன்னொன்று தெளிவாகப் பாடியது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் முயன்று பார்த்துவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

"அம்மா, ரெண்டு பெட்டிக்கும் உங்களுக்கும் ஒரே தூரம் இருக்கணும், ரெண்டு பக்கச் சுவரும் ஒரே மாதிரி இருக்கணும். இந்த ரூமுக்கு இது செட் ஆகாது. நான் இதைத் திருப்பி எடுத்துக்கிட்டு, அலமாரியில வைக்கிற மாதிரி சின்னதாத் தாறேனே."

"சின்னதாத்தான் இம்புட்டு நாள் கேட்டேன். இது இங்கயே இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க."

பக்கத்து வீட்டு ஈஸ்வரி, புதுவயல் அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிறவர். அவர் கொண்டுவந்த சாக்கைப் பெட்டிகளுக்கு அடியில் விரித்து, இரண்டு பேருமாக இழுத்து இழுத்து மாற்றிப் பார்த்தார்கள். நாராயண் சொன்ன ஒரே தூரக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வாரம் முழுக்க இழுத்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. நாகஜோதிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். தம்பி சொன்னதுதான் நிஜமோ என்று ஒரு சாயங்காலம் அவருக்கே கண் கலங்கியது. அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

மறுநாள் காலையில் எழுந்ததும் நாதஸ்வரத்தை ஓடவிட்டார். உட்காரவில்லை. வலது காதை முன்னால் கொடுத்துக்கொண்டு, வார்டில் நடந்த மாதிரியே ஹால் முழுக்க நடந்தார். சாய்வுச் சுவரின் ஜன்னலடியில் வந்தபோது சட்டென்று நின்றார். அங்கே உறுமல் இல்லை. வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"ஈஸ்வரி! அந்த நாற்காலிய இங்குட்டுக் கொண்டா!"

"என்னக்கா, நட்டநடு ஹால விட்டுட்டு ஜன்னல் ஓரமா?"

"முதல்ல நான் எங்குன உக்காரணும்னு நான் முடிவு பண்றேன். பெட்டி ரெண்டும் என்னையத் தேடி வரட்டும்."

நாற்காலியை அசைக்கவில்லை. வலது பெட்டியைத் தள்ளி வைத்து, முகத்தை அவர் பக்கமாகத் திருப்பினார்கள். இடது பெட்டியை நாராயண் பார்த்தால் பதறிப்போகிற அளவுக்குக் கிட்டே கொண்டுவந்தார்கள். கேட்காத பக்கம் அது. தூரத்தில் இருந்தபோது அவருக்கு மங்கிப்போனது, கிட்டே வந்ததும் மற்றதோடு சரிசமமாகச் சேர்ந்துகொண்டது. இரண்டையும் சுவரைவிட்டு நன்றாக முன்னால் இழுத்தார்கள். குறுகல் மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தியதும் மூலையின் உறுமல் பெருமளவு அடங்கியது. தவுலில் ஒரு கனத்த அடி மட்டும் கடைசிவரை கொஞ்சம் அதிர்ந்தது. அது போகட்டும் என்று விட்டுவிட்டார்.

சத்தத்தைக் கூட்டினார். நெஞ்சுக்குள் தவுல் இறங்கியது. ஈஸ்வரி ஏதோ சொன்னார், நாகஜோதிக்குக் கேட்கவில்லை. கேட்காததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பாண்டிமுருகன், வீட்டை வாங்கப் பிரியப்பட்ட முத்தப்பன் என்பவரைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் வந்து நின்றார். ஹாலில் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. முத்தப்பன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கட்டில்கூட நேராப் போட முடியாது போலயே" என்றார்.

"நேராப் போட்டாத்தானே முடியாது" என்றார் நாகஜோதி.

"அக்கா, சத்தத்தக் குறைங்க. இந்த அண்ணன் உங்ககிட்ட விலை பேச வந்திருக்காக."

"குறைக்க மாட்டேன்டா. அடுத்தவுக தூங்கணும்னு ஆயுசு பூரா குறைச்சாச்சு. வீடும் விக்கிறதுக்கில்ல. வந்தவுகளுக்குக் காப்பி தாறேன், குடிச்சிட்டுப் போகட்டும்."

முத்தப்பன் காப்பியைக் குடித்துவிட்டு, வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் ஒயரைத் தரைக்குள் புதைக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது.

"தரையக் கொத்துனா வீட்டு மதிப்பு போயிரும்க்கா."

"நல்லாக் கொத்தச் சொல்றேன்" என்றார் நாகஜோதி.