அட்டைக்கு உப்புத் தண்ணீர்

விடியற்காலையில் வெறும் வயிற்றில் குடித்த உப்புத் தண்ணீரின் கரிப்பு தொண்டையை விட்டு இறங்க மறுத்து, பள்ளிக்கூட மணி அடிக்கும்போது வாந்தியாக வெளியே வந்தது. கம்பம் பக்கத்துக் கூடலூரில் நான் ஏழாம் வகுப்புப் படித்த, எல்லையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது.

பூஜை விடுமுறையில் அப்பாவோடு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய், கால் முழுக்க அட்டைக்கடி வாங்கித் திரும்பிய நாலாம் நாள் பாவாடையில் ரத்தம் கண்டேன். அட்டை ஒன்று உடம்புக்குள் புகுந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். வேறென்ன நினைப்பேன், எனக்கு யார் என்ன சொல்லியிருந்தார்கள்? உப்புப் பட்டால் அட்டை விழும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே மூன்று நாள் ஒளித்து ஒளித்து உப்பைக் கரைத்துக் குடித்தேன். செத்துப்போவேன் என்று அழுதேன்.

வாந்தியெடுத்த என்னைத் தனியே கூட்டிப்போய் விசாரித்த டீச்சர், "அட்டையுமில்ல, கிட்டையுமில்ல. எல்லாப் பொம்பளைக்கும் மாசாமாசம் வர்றதுதான், அழுகாத கழுதை" என்றார். அன்று மதியமே கதவைச் சாத்தி, சுகாதாரப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அதில் இல்லாத பாடத்தை வகுப்பிலிருந்த பெண்கள் ஒன்பது பேருக்கும் பூசி மெழுகாமல் நடத்தினார். துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்துவது வரை சொன்னார். முதலில் களுக்கென்று சிரித்தவர்கள்கூடப் பிறகு கேள்வி கேட்டார்கள்.

வீட்டில் சொன்னதும் ஆத்தா கத்தினாள்: "இதையெல்லாமா பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுப்பாக?"

"நீ சொல்லலையே ஆத்தா!"

"எனக்கு மட்டும் யாரு சொன்னா? பூச்சி கடிச்சிருச்சுன்னு வேப்பிலைய அரைச்சுக் குடிச்சவ நான்."

தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் "குச்சு" கட்டினார். பதினாறு நாள் அதற்குள் உட்கார்ந்தேன். வெளியே வந்ததும், "சமஞ்ச புள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று புத்தகப் பையைப் பரணில் போட்டாள் ஆத்தா. டீச்சர் இரண்டு தடவை வீடு தேடி வந்து கேட்டும் அப்பா மசியவில்லை. சாவுக்குப் பயந்து அழுததைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன்.

மூன்று வருஷம் கழித்து, தங்கைக்குக் காலம் வருமுன்பே ஆத்தா அவளை மாட்டுக் கொட்டத்தில் உட்காரவைத்து, டீச்சர் எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னாள். வந்தபோது குச்சும் கட்டவில்லை, மாமனுக்கும் சொல்லவில்லை. "ஊருக்கு எதுக்குத் தெரியணும்? இவளாவது எட்டு முடிக்கட்டும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். தங்கை படித்தாள், கம்பத்தில் டீச்சராகவும் ஆனாள்.

இன்று எங்கள் தெருவில் குச்சு கட்டுவாரில்லை. பள்ளியிலேயே நர்ஸ் வந்து பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்கிறார். ஆத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் ஏழாம் வகுப்பு இன்னும் பாதியில்தான் நிற்கிறது.