மெய்யம்மை மேடம் படித்த கடைசி நாவல்

மெய்யம்மை மேடம் போய்விட்டார். நேற்றுக் காலை, ஹார்ட் அட்டாக்.

இன்று மகன் சிங்கப்பூரிலிருந்து வந்ததும் எடுத்துவிட்டார்கள். இப்போதுதான் அந்த வீட்டிலிருந்து திரும்பினேன்... கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் இங்கே எழுதும் நாவல் குறிப்புகளைப் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். "என் தோழி ஒருவர் சொன்னார்" என்று அடிக்கடி எழுதுவேனே, அந்தத் தோழி அவர்தான். பள்ளி ஆபீசில் என் பக்கத்து டேபிள். புது நாவல் எது வாங்கினாலும் முதலில் நான், அப்புறம் அவர்.

கணவர் இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டார். காரணம், வீடு.

எங்கள் காரைக்குடிப் பெரிய வீடுகளைப் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பங்காளிகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆளுக்கொரு அறையைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். யாராவது ஒருவர் தங்கிச் சாயங்காலம் விளக்கேற்ற வேண்டும்.

அந்த யாராவது... மேடம்.

முன்கதவை நல்லது கெட்டதுக்குத்தான் திறப்பார்கள். நான் பின்வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன். இடுப்பில் சாவிக் கொத்தோடு வந்து, நிலைக்கு உள்ளே நின்றபடியே புத்தகத்தை வாங்கிக்கொள்வார். ஒருமுறை பிள்ளையார்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "விளக்கு வைக்கிறதுக்குள்ள போயிரணும்மா" என்று சாமி கும்பிடும்போதே சொல்லிக்கொண்டிருந்தார்.

படித்து முடித்ததும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வரும்.

சென்னை பிளாட்டில் தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு நாவல். நான் உருகி உருகி எழுதியிருந்தேன், நீங்களும் லைக் போட்டீர்கள். மேடம் சொன்னது இது. "ஏம்மா, புத்தகம் பூரா ஜன்னலத் திறக்குறா, மூடுறா. இதுக்கா இம்புட்டு எழுதுன? அவள எங்க வீட்டுக்கு வரச் சொல்லு, ஜன்னல மூடியே கை வலிச்சுப்போகும்."

அடுத்தது, வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் சிக்கிக்கொண்ட ஒருவனின் கதை. எனக்கு இழுவையாக இருந்தது. அவர் அழுதுவிட்டார்.

"அவன் பாஸ்போர்ட்ட இன்னொருத்தன் வச்சிருந்தான். என்னுது என் பீரோவுலயேதான இருக்கு..."

மகன் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட். ஒரு சீல்கூட விழவில்லை.

"பூட்டிட்டு ஒரு மாசம் போய் இருந்துட்டு வாங்க மேடம்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "பங்காளிகள்ட்டக் கேட்டுட்டேன்மா. நீங்களும் போயிட்டா வீட்ட யாரு பாக்குறதுங்குறாக" என்பார். எனக்கு அப்போதும் கோபம் வரும். இப்போதும் வருகிறது.

போன வாரம் ஒரு நாவல் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் நாயகி மாமியார் வீட்டைவிட்டு இறங்கி பஸ் ஏறிவிடுவாள். எனக்குப் புல்லரித்தது. மேடத்துக்கு என்னைவிட அதிகம் பிடிக்கும் என்று நினைத்தேன்.

மெசேஜில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"எல்லாஞ் சரித்தாம்மா... வீட்டுச் சாவிய யாருட்டக் குடுத்துட்டுப் போனா? அத எழுதவே இல்லயே அந்த ஆளு."

ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சண்டை போடுகிறேன் என்று பதில் போட்டேன். சிரிக்கிற ஸ்மைலி அனுப்பினார்.

இன்று முன்கதவு அகலத் திறந்திருந்தது. நான் முதல்முறையாக அந்த வழியாக உள்ளே போனேன். மேடம் அந்த வழியாக வெளியே போனார்.

வண்டி தெருமுனைகூடத் திரும்பியிருக்காது. உள்ளே பீரோவையெல்லாம் பார்த்துவிட்டு வந்த பங்காளி ஒருவர், அழுதுகொண்டிருந்த எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஆச்சி சாவிக் கொத்த யாருட்டக் குடுத்துட்டுப் போனாக?"

யாருக்கும் தெரியவில்லை.

திரும்பிப் பார்க்காமல் போங்கள் மேடம்.