குழிக்காரம்மாவின் இரண்டு திடல்கள்

எந்த வயலுக்குப் போனாலும் அந்த வேளாண் உதவி அலுவலர் முதலில் மண்வெட்டியைத்தான் கேட்பார். முழங்கால் ஆழம் தோண்டி, மண்ணைப் பிசைந்து, முகர்ந்து பார்த்த பிறகே வாயைத் திறப்பார். இருபத்திரண்டு வருடம் இப்படித் தோண்டியதில் ‘குழிக்காரம்மா’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

புது நெல் ரகம் ஒன்று வந்தது. விதைத்துக் காட்டும் செயல்விளக்கத் திடலை, ரோட்டோரம் இருந்த பெரிய பண்ணையாரின் நிலத்தில் போடும்படி மேலதிகாரியின் உத்தரவு. போட்டார். மீந்த விதையைக் கடைமடையில், தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற ஒரு குத்தகைக்காரியின் வயலிலும் போட்டார். அங்கே ஒரு சாண் ஆழத்திலேயே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

பண்ணையாரின் பயிர் இடுப்பளவு நின்றது. குத்தகைக்காரியின் பயிர் மஞ்சளாகிக் கருகியது. இரண்டையும் அப்படியே அறிக்கையில் எழுதினார். அதுதான் அவர் செய்த குற்றம். செயல்விளக்கத் திடல் நிலத்தில் தோற்கலாம், காகிதத்தில் தோற்கக் கூடாது.

“கடைமடையில யாரும்மா போடச் சொன்னது? ஜீப்பே போகாதே அங்க?” என்றார் மேலதிகாரி.

“ஜீப் போகாத இடத்துக்கும் விதை மூட்டை போகுதே சார்.”

மேலதிகாரி அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்து ஒரு பத்தியை அடித்தார். ஒரு குடும்பத்தின் ஒரு போகம் அந்தக் கோட்டுக்கு அடியில் போனது.

விதை விநியோகத்தன்று குத்தகைக்காரி வரிசையிலிருந்து கேட்டாள்: “அக்கா, போர்டுல அமோக விளைச்சல்னு போட்டிருக்கே?”

“அது பண்ணையார் நிலத்துல விளைஞ்சது. உன் நிலத்துல என்ன ஆச்சுன்னு நீதானே பார்த்தே? கடைமடைக்காரங்க யாரும் வாங்காதீங்க.”

பதினோரு குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பின. மறுநாளே மெமோ வந்தது: ‘விவசாயிகளை ஊக்குவிக்கும் தொழில்திறன் போதாது.’ திறன் வளர்க்க ஐந்து நாள் பயிற்சி. கடைமடை வேறொருவர் பொறுப்புக்குப் போனது.

பயிற்சி அறையில் ஏசி குளிர்ந்தது. மண்ணே மிதிக்காத ஷூ போட்ட பயிற்சியாளர் திரையில் முதல் பாடத்தைக் காட்டினார்: ‘விவசாயி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.’

நான்காம் நாள் குத்தகைக்காரி போன் செய்தாள். “புது சார் வந்தாரு, அக்கா. விதை வாங்கினாத்தான் உரம்னு சொல்லிட்டாரு. பதினோரு வீடும் விதைச்சாச்சு.”

“குழி தோண்டிப் பார்த்தாரா?”

“நல்லா கேட்டீங்க! வரப்புலகூட காலை வைக்கல. ரோட்டுல நின்னே போட்டோ எடுத்துக்கிட்டாரு.”

கடைசி நாள் தேர்வு. நல்ல களப்பணியாளரின் முதல் திறன் எது என்று கேட்டு நான்கு விடைகள் தந்திருந்தார்கள். அவர் எதையும் குறிக்கவில்லை. தாளைத் திருப்பி, பதினோரு குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் எழுதி, கீழே கேட்டார்: ‘இவர்கள் பயிர் கருகினால் யார் பொறுப்பு?’

பயிற்சியாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

“பின்பக்கம் எழுதினா மார்க் கிடையாதும்மா.”